நீலத் தாழியா, சிவப்புக் கொப்பரையா?

நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் இடையில், எல்லைக் கல்லைத் தாண்டி ஆந்திரப் பக்கம் அரை மைல் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்குள் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு, தெரு முழுக்க விசைத்தறியின் ஓசை. கைத்தறியில் லுங்கி நெய்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நான், மாமனாருக்குப் பின் தறி நின்றுபோன கொட்டகையில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இயற்கைச் சாயமிடத் தொடங்கினேன். இதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள நினைத்து என்னைத் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, நீலத்துக்கு அவுரித் தாழி வைப்பதா, கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி வேர் என்று சிவப்பின் பக்கம் போவதா என்பதுதான். இரண்டையும் செய்யலாமே என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு கொட்டகையும் ஒரே ஆளும் உள்ள இடத்தில் இரண்டுக்கும் வேண்டிய பாத்திரம் வேறு, நாளின் ஒழுங்கு வேறு, தண்ணீரின் கணக்கு வேறு. நான் மூன்று ஆண்டுகள் சிவப்பில் இருந்துவிட்டு நீலத்துக்கு மாறியவள். என் தராசு எந்தப் பக்கம் தாழும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மரபு என்று பார்த்தால் இரண்டுக்கும் இந்த வட்டாரத்தில் சம உரிமை உண்டு. இங்கிருந்து கிழக்கே, பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் கப்பலேற்றிய துணிகளில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் இருந்தன. கட்டம் போட்ட கைலியை மலாய் மக்கள் இன்றும் அந்த ஊரின் பெயரால் ‘பெலிக்காட்’ என்றே அழைக்கிறார்கள். இரண்டையும் சந்தையிலிருந்து விரட்டியவர்களும் ஒரே நாட்டு வேதியியலாளர்கள்தாம்: வேர்ச் சிவப்பின் சாரமான அலிசரினை 1868இல் ஜெர்மானியர்கள் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள், செயற்கை அவுரி 1897இல் விற்பனைக்கு வந்தது. விறகுச் செலவு சிவப்புக்கு அதிகம், அவுரிக் கட்டியின் விலை நீலத்துக்கு அதிகம். கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசம் நிற்பதில்லை. நிற அழகைப் பற்றி வாதிடுவதற்கும் ஒன்றும் இல்லை.

சிவப்பை நான் கற்றது காளஹஸ்தியில். ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி, ரேணிகுண்டாவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போய், துணியில் எழுதுகோலால் சாய ஓவியம் வரையும் ஒரு கலம்காரிப் பட்டறையில் சில மாதங்கள் கூடமாட இருந்தேன். 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் மீண்டும் உயிர் பெற்ற கலை அது. துணியைக் கடுக்காய்ச் சாறு கலந்த எருமைப் பாலில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, மூங்கில் எழுதுகோலிலிருந்து இறங்கும் சாறு துணியில் கசிந்து பரவாமல் தடுக்கும். அதன்பின் படிகாரக் கரைசலால் வரைந்து, கொப்பரையில் மஞ்சிட்டியோடு காய்ச்சினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். அந்தக் காட்சியில் மயங்கித்தான் சிவப்பு என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் துணியைச் சுவர்ணமுகி ஆற்றுக்குக் கொண்டுபோய் ஓடும் தண்ணீரில் அலசினார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது பாடத்தில் ஒரு பகுதி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் கொட்டகைக்குத் தண்ணீர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது. வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தால் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு வளையம் படியும். சென்னையிலிருந்து வந்த முதல் ஆர்டருக்காகப் பன்னிரண்டு மேல்துண்டுகளுக்கு, காளஹஸ்தியில் எழுதிவந்த அளவுகளை ஒரு கிராம் பிசகாமல் போட்டுச் சாயமிட்டேன். கொடியில் காய்ந்தபோது அவை சிவக்கவில்லை; பழம்புளியின் நிறத்தில் தொங்கின. எதிர்வீட்டுப் பெரியவர், ஒரு காலத்தில் சிட்டம் சிட்டமாக நூலுக்குச் சாயம் ஏற்றியவர், வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “இன்னாமா, சிவப்புன்னு சொன்ன, புளி கரைச்ச மாதிரி கீது? கடுக்கா தண்ணில உங்க போர் தண்ணிய கொஞ்சம் ஊத்திப் பாரு” என்றார்.

ஒரு கண்ணாடி டம்ளரில் கடுக்காய்ச் சாற்றை எடுத்துக்கொண்டேன். வெளிர் மஞ்சளாக இருந்தது. அதில் குழாய்த் தண்ணீரை மெல்ல ஊற்றியபோது, விழுந்த இடத்திலிருந்து சாம்பல் நிறம் புகை போலச் சுழன்று இறங்கியது. கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் டம்ளர் முழுவதும் சிலேட்டு நிறமாகிவிட்டது. பெரியவர் பள்ளிக்கூடம் போன நாளில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் எழுதும் மை காய்ச்சினார்களாம். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. என்னுடைய கிணறு எனக்குத் தெரியாமலேயே என் கொப்பரைக்குள் மை காய்ச்சிக்கொண்டிருந்தது.

இயற்கைச் சாயத்தில் யாரும் முதலில் எடைபோட வேண்டியது இந்தத் தண்ணீரைத்தான் என்பது என் கருத்து. நிறம், மூலப்பொருள், சந்தை ஆகிய எல்லாமே அதற்குப் பிறகுதான். பருத்தித் துணி சிவப்பைப் பிடித்துக்கொள்ள முதலில் கடுக்காயின் துவர்ப்பு ஏற வேண்டும், அதன்மேல் படிகாரம் உட்கார வேண்டும், அதன்மேல்தான் மஞ்சிட்டி வந்து சேரும். இந்த மூன்று கட்டங்களில் எதில் இரும்பு நுழைந்தாலும், அது கடுக்காயோடு கைகோத்துக்கொண்டு நிறத்தைக் கறுக்க வைத்துவிடும். அளவும் சிறியதல்ல. ஒரு கிலோ துணியைக் கஞ்சி போக வேகவைப்பதற்கு, அலசுவதற்கு, கடுக்காயில் ஊறவைப்பதற்கு, படிகாரத்துக்கு, மறுபடி அலசுவதற்கு, காய்ச்சுவதற்கு, கடைசியில் தண்ணீர் தெளிகிற வரை அலசுவதற்கு என்று என் கொட்டகையில் பன்னிரண்டு குடம், அதாவது சுமார் 180 லிட்டர் தண்ணீர் போனது. இருபது லிட்டர் கேனில் விலைக்கு வாங்கினால் ஒரு கிலோ துணிக்கு ஒன்பது கேன். அதையும் வாங்கிப் பார்த்தேன்: வடிகட்டிய அந்தத் தண்ணீரில் சுண்ணச் சத்து அற்றுப்போயிருந்ததால் சிவப்பு வெளிறி, ரோஜாத் தாளின் நிறத்துக்கு வந்தது. வேர்ச் சிவப்புக்கு இரும்பு ஆகாது, கொஞ்சம் சுண்ணாம்பு இல்லாமலும் ஆகாது. ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புத் தூளைச் சேர்த்து அதைச் சரி செய்ய முடிந்ததே தவிர, கேன்காரரின் கணக்கைச் சரி செய்ய முடியவில்லை.

தண்ணீரை மூன்று டிரம்களில் மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றோட்டம் கொடுத்து, இரண்டு நாள் தெளியவிட்டு, மணலும் கரியும் போட்டு வடிகட்டியும் பார்த்தேன். இரும்பில் பெரும்பகுதி துருவாகி அடியில் படிந்துவிடும் என்பது உண்மைதான். மீதி இருக்கும் சிறு பகுதியே ஒரு சிவப்பை மங்கவைக்கப் போதும் என்பதும் உண்மை. மூன்றாம் ஆண்டின் முடிவில், துணிக்குச் சாயமிடுவதைவிடத் தண்ணீருக்கு வைத்தியம் பார்ப்பதில்தான் என் பகல்கள் கழிகின்றன என்று தோன்றியது.

அவுரிக்கு வருகிறேன். அதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். ஆகவே இரும்பு வந்து கைகோப்பதற்கு அங்கே ஆளே இல்லை. அவுரிக் கட்டி தண்ணீரில் கரையாத பொருள். சுண்ணாம்பின் காரத்தில், காற்று புகாத தாழிக்குள், நொதித்தலின் துணையோடுதான் அது கரையும் நிலைக்கு வருகிறது. அந்தக் கரைசலில் முக்கி எடுத்த துணி காற்றுப் பட்டவுடன் நீலம் நூலுக்குள்ளேயே மறுபடி கரையாத பொருளாக இறுகிவிடுகிறது. இதில் எனக்குச் சிரிப்பை வரவழைத்த சங்கதி ஒன்று உண்டு: ஒரு காலத்தில் அவுரியைக் கரைப்பதற்காகவே அன்னபேதியையும் சுண்ணாம்பையும் சேர்த்துத் தொட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகள் நான் சபித்துக்கொண்டிருந்த இரும்பை, நீலக்காரர்கள் வேலைக்கு அமர்த்தியிருந்தார்கள்.

என்னுடையது நூறு லிட்டர் கொள்ளும் மண் தாழி. கழுத்து வரை தரையில் புதைத்தது. திண்டிவனம் பக்கத்து அவுரிக் கட்டி, சுண்ணாம்புக் காளவாயிலிருந்து வாங்கிச் சுடச்சுடத் தாளித்த சுண்ணாம்பு, தகரை விதையை வேகவைத்த கஞ்சி, கொஞ்சம் வெல்லம். தகரை விதைதான் தென்னாட்டுத் தாழியின் உறைமோர். நொதித்தலை அது தொடங்கி வைக்கும். காலையில் மூடியைத் திறந்தால் மேலே செம்பு நிறத்தில் ஆடை படர்ந்திருக்கும், நடுவில் நீல நுரை கொத்தாக நிற்கும். ஆடையை ஒதுக்கி ஒரு விரலை விட்டு எடுத்தால், உள்ளே இருப்பது விளக்கெண்ணெய் போல மஞ்சள் பச்சையாக இருக்கும். துணி பச்சையாகவே வெளியே வந்து, கையில் பிடித்திருக்கும்போதே ஓரங்களிலிருந்து நீலமாகும். அதே கரைசலை வடித்து ஊற்றாமல் மாதக்கணக்கில் ஊட்டி ஊட்டி வைத்துக்கொள்கிறேன். கஞ்சி போக்குவது, கடைசியில் அலசுவது என்று ஒரு கிலோ துணிக்கு ஐந்தாறு குடம் போதும். அதுவும் நேராகக் குழாயிலிருந்தே.

பராமரிப்பில் நீலம் சிவப்பைவிடக் கண்டிப்பானது என்பதை மறைப்பதற்கில்லை. கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் ஒரு மாதம் அதை மறந்திருக்கலாம். தாழி கறவை மாட்டைப் போன்றது. காலையும் மாலையும் கிண்ட வேண்டும், முகர்ந்து பார்க்க வேண்டும், காரம் குறைந்தால் சுண்ணாம்பும் சோர்ந்தால் கஞ்சியும் கொடுக்க வேண்டும், மார்கழிப் பனியில் வைக்கோலும் எருவும் சுற்றி அணைக்க வேண்டும். தங்கையின் மகள் திருமணத்துக்காக ஒன்பது நாள் வேலூரில் தங்கிவிட்டுத் திரும்பியபோது, தெருமுனையிலேயே நாற்றம் வந்தது. காரம் இறங்கி, தாழி அழுகிப் போயிருந்தது. பக்கத்துப் பட்டறைத் தம்பி, “அக்கா, ஒரு பிடி ஹைட்ரோஸ் போடுங்க, அரை மணி நேரத்துல நிறம் வந்துடும்” என்றான். வரும்தான். அந்த ரசாயனத் தூளைப் போட்டால் நான் செய்வதற்கும் அவன் செய்வதற்கும் பேதம் இருக்காது என்பதால், அந்தத் தாழியைக் கைவிட்டேன். கழிவைக் காரம் தணிக்காமல் முருங்கை அடியில் கொட்டியது என் சொந்தப் புத்திகெட்ட வேலை. மரம் ஒரு வாரத்தில் இலை உதிர்த்துவிட்டது.

நீலத்தின் மற்றொரு குறை, உராய்ந்தால் ஒட்டிக்கொள்வது. ஒரு புடவையின் நீலம் தன் வெள்ளைக் கைப்பைக்கு ஏறிவிட்டதாக வாடிக்கையாளர் ஒருவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார், அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அடர்ந்த கரைசலில் ஒரே முக்காக முக்கினால் நிறம் நூலின் மேலேயே நின்றுவிடுகிறது. நீர்த்த கரைசலில் ஏழெட்டு முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காற்றாட விட்டு முக்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறைகிறது. நன்றாகப் பிடித்த மஞ்சிட்டிச் சிவப்புக்கு இந்தப் பிரச்சினை ஏறக்குறைய இல்லை. விற்பனையிலும் சிவப்பே முந்துகிறது என்பதை என் சின்ன அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். கல்யாணம், நோன்பு என்றால் நீலத்தைக் கையில் எடுக்கவே தயங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் பருத்திக்கு. பட்டில் நான் வேலை செய்தது இரண்டே முறை. பட்டு படிகாரத்தைத் தானாகவே நன்றாகப் பிடித்துக்கொள்வதால் கடுக்காயின் தேவை அங்கே குறைவு, ஆகவே பட்டு நெய்கிறவர்களின் கணக்கு வேறு பக்கம் சாயக்கூடும். ஆற்றோரத்திலோ இரும்பில்லாத திறந்த கிணறு உள்ள தோட்டத்திலோ இருக்கிறவருக்கும் நான் சொன்ன காரணம் பொருந்தாது. முடிவெடுக்கும் முன் ஒரு கைப்பிடிக் கடுக்காயை வாங்கி நசுக்கி ஊறவைத்து, உங்கள் வீட்டுத் தண்ணீரை அதில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் ஆகிறதென்றால் தாழிக்குக் குழி வெட்டத் தொடங்கலாம்.

கொப்பரையை நான் விற்றுவிடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைக் கூரையிலிருந்து வழியும் தண்ணீரை, முதல் மழையை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் டிரம்களில் பிடித்து மூடி வைக்கிறேன். இரும்பு டிரம்மில் பிடித்து ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். சென்ற பருவத்தில் நான்கு டிரம் நிறைந்தது. நான்கு கிலோ துணிக்குச் சிவப்பு ஏற்ற முடிந்தது. இந்த ஆண்டு கூரைக்கு இன்னொரு தகரக் குழாய் வைக்கச் சொல்லியிருக்கிறேன், கொல்லர் தீபாவளி கழித்து வருவதாகச் சொல்கிறார். அதற்குள் மழை வந்துவிடும்.