ஷையான்: முதலில் ரயில், பிறகு கௌபாய்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகர் ஷையானில் பார்க்க வேண்டியவை மூன்று: பழைய ஸ்டேஷனில் உள்ள டிப்போ மியூசியம், ஹாலிடே பூங்காவில் நிற்கும் 4004 'பிக் பாய்' நீராவி இன்ஜின், ஃபிரான்டியர் பார்க்கில் உள்ள ஓல்டு வெஸ்ட் மியூசியம். ஒரே நாள் போதும். ஆனால் இதே வரிசையில் போங்கள். கௌபாய் ஆசையில் கடைசி இடத்துக்கு முதலில் ஓடினால் பாதிதான் புரியும். 1867-ல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தண்டவாளம் வந்ததால் பிறந்த ஊர் இது. மாடுகளைக் கிழக்கே அனுப்ப ரயில் கிடைத்த பிறகுதான் இங்கே பண்ணைகள் பெருகின. 1897-ல் தொடங்கிய ஃபிரான்டியர் டேஸ் என்ற கௌபாய் விழாவுக்கு யோசனை சொன்னவரும் ஒரு ரயில்வே ஏஜென்ட்தான், ஃபிரடெரிக் ஆஞ்சியர்.

டிப்போவில் மாடியைத் தவறவிடாதீர்கள். மாதிரி ரயில் கலைஞர் ஹாரி பிரங்க் கட்டிய, குறுகிய தண்டவாள ரயில்பாதையின் சிறு மாதிரி அங்கேதான் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே யார்டில் நிஜச் சரக்கு ரயில்கள் போய்வரும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது 4004. 1941-லும் 1944-லுமாக மொத்தம் 25 பிக் பாய்கள் செய்யப்பட்டன, 8 மிஞ்சியிருக்கின்றன. டெண்டரோடு (நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) நீளம் சுமார் 132 அடி, எடை கிட்டத்தட்ட 12 லட்சம் பவுண்டு. வளைவில் பாய்லர் வளையும் என்று சிலர் சொல்வது தவறு. பாய்லர் பின் சட்டத்தோடு இறுகப் பிணைந்தது. முன்னால் இருக்கும் எட்டு இயக்குசக்கரங்களின் சட்டம் மட்டும் கீலில் திரும்பும். வளைவில் பாய்லரின் மூக்கு பாதையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் முன் சிலிண்டர்களுக்குப் போகும் நீராவிக் குழாய்களில் அசையும் மூட்டுகள். அங்கே கசிந்தால் முன் பகுதியின் இழுவை குறையும். சிலிண்டர்கள் அருகே குனிந்து அந்தக் குழாய்களைத் தேடிப் பாருங்கள். நான்கு சிலிண்டர்களுக்கும் புது நீராவிதான். ஒன்றில் பயன்பட்டதை அடுத்ததற்கு அனுப்பும் காம்பவுண்டு முறை இதில் கிடையாது.

குறை என்றால், இன்ஜின் திறந்தவெளியில், வேலிக்குள் நிற்கிறது. முழு நீளமும் ஒரே படத்தில் அடங்க நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். சக்கரங்களை எடுக்க போனை வேலியின் இடைவெளியில் வைத்து எடுங்கள்.

ஓல்டு வெஸ்ட் மியூசியத்தின் பலம் குதிரை வண்டிகள். தொகுப்பில் 150-க்கும் மேல். இருந்தாலும் சேணங்களிடம் கூடுதல் நேரம் நில்லுங்கள். இருக்கையின் பின்விளிம்பில் தோல் சுருண்டு வெளியே மடிந்திருந்தால் அது 'ஷையான் ரோல்'. இந்த ஊர் சேணக்காரர் ஃபிராங்க் மீனியாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அடுத்து வயிற்று வார்களை எண்ணுங்கள். கயிற்றின் நுனியைச் சேணக் கொம்பில் (சேணத்தின் முன்பக்கம் நீட்டியிருக்கும் குமிழ்) கட்டியே வைத்து மாடு பிடிப்பவருக்கு இரண்டு வார் வேண்டும்; ஒன்றே இருந்தால் மாடு இழுக்கும்போது சேணத்தின் பின்புறம் எகிறிவிடும். கயிற்றைக் கொம்பில் சுற்றி, தேவைப்பட்டால் நழுவவிடுபவருக்கு ஒரு வாரே போதும். கொம்பில் கயிறு உராய்ந்த தழும்பு இருந்தால் அது உழைத்த சேணம்.

ஜூலைக் கடைசியில் ஃபிரான்டியர் டேஸ் நடக்கும் பத்து நாளும் அறை வாடகை எகிறும். ரோடியோ எனும் கௌபாய் போட்டிகளைப் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் ஜூனோ செப்டம்பரோ நல்லது. ஊர் 6,000 அடிக்கு மேல் இருப்பதால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். கோடை மதியங்களில் ஆலங்கட்டி மழை சகஜம், பூங்காவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பயணிகள் ரயில் இப்போது இங்கே வருவதில்லை. டென்வரிலிருந்து ஐ-25 சாலையில் 100 மைல், காரில் வரலாம். வழியில் டென்வரின் ஃபோர்னி மியூசியத்தில் 4005 கூரைக்கடியில் நிற்கிறது. 1946-ல் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றப்பட்ட பிக் பாய் அதுதான். ஒற்றை பர்னரால் அவ்வளவு பெரிய நெருப்புப் பெட்டி சீராகச் சூடாகவில்லை. 1948-ல் மறுபடி நிலக்கரிக்கே திரும்பினார்கள். 2019-ல் உயிர்பெற்று இன்று ஓடும் பிக் பாய் 4014 எரிப்பது எண்ணெய்தான். அதன் பட்டறை ஷையானில் இருந்தாலும் அது சுற்றுப்பயணத்தில் இருக்கலாம், கிளம்புமுன் யூனியன் பசிபிக் வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள்.