பாடிகார்ட்: முதல் இருபது நிமிஷத்துக்காகவே பார்க்கலாம்

அரசியல் திரில்லர் என்று எதையாவது போட்டால் முக்கால்வாசி நேரம் கோட்டு போட்ட ஆட்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள், நாம் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவோம். பிபிசியில் 2018-இல் வந்த 'பாடிகார்ட்' தொடரில், குறைந்தபட்சம் முதல் பாதியில், அதற்கு வழியே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளிநாடுகளுக்கும் வந்தது, மொத்தமே ஆறு எபிசோட்தான்.

லண்டன் போகிற ரயிலில் டேவிட் பட் என்கிற போலீஸ்காரர் (ரிச்சர்ட் மேடன்) தன் இரண்டு பிள்ளைகளோடு வருகிறார், டியூட்டியில்கூட இல்லை. கழிவறைக்குள் உடம்பில் வெடிகுண்டு கட்டிய ஒரு பெண். கிட்டத்தட்ட இருபது நிமிஷம் இந்த ஒரே சம்பவம்தான் ஓடுகிறது. அடிதடி, துரத்தல் ஒன்றும் கிடையாது. அவள் கட்டைவிரல் பட்டன்மேல் நடுங்குகிறது, இவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருக்கிறார், அவளைச் சுட்டுத் தள்ளத் தயாராக நிற்கும் சக போலீஸ்காரர்களுக்குக் குறுக்கே தன் உடம்பையே கொண்டுபோய் நிறுத்துகிறார். நான் சோபா நுனிக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் இவரை உள்துறை அமைச்சர் ஜூலியா மாண்டேக்குக்குப் (கீலி ஹாஸ்) பாதுகாப்புக்குப் போடுகிறார்கள். ஆப்கானிஸ்தானில் போரிட்டு உடம்பும் மனசும் கெட்டுத் திரும்பிய ஆள் இவர், அந்தப் போரை ஆதரித்து ஓட்டுப் போட்டவர் அந்த அம்மா. பிடிக்காத ஒருவருக்காகக் குண்டு வாங்கத் தயாராக நிற்க வேண்டிய வேலை என்பதுதான் கதையின் உயிர். உளவுத்துறைக்குக் கண்காணிப்பு அதிகாரத்தைக் கூட்டும் மசோதா, எம்ஐ5 என்கிற பிரிட்டிஷ் உள்நாட்டு உளவு அமைப்புக்கும் போலீஸுக்கும் நடக்கும் பனிப்போர் எல்லாம் இந்த இருவரைச் சுற்றித்தான் நகர்கிறது. இரண்டாவது எபிசோடில் கார்மேல் துப்பாக்கிச்சூடு நடக்கும்போது, டிவி பேட்டியில் அவ்வளவு திமிராகப் பேசிய அமைச்சர் முகமெல்லாம் டிரைவரின் ரத்தத்தோடு காருக்குள் சுருண்டு கிடப்பார். கீலி ஹாஸ் அங்கே வேறு லெவல்.

மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு அரசியல் மெல்ல நழுவி 'யார் செய்தது' என்ற தேடலாகிவிடுகிறது. அதுவும் ஓடும்தான். ஆனால் கடைசி எபிசோட், எழுபத்தைந்து நிமிஷம், எனக்கு ஏமாற்றம். வெடிகுண்டு அங்கியோடு டேவிட் லண்டன் தெருவில் நடப்பது வரை சரி, அதன் பிறகு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து உண்மையைக் கக்குகிறார்கள். ரயில் பெண்ணைப் பற்றி வைத்த திருப்பம் (சொல்ல மாட்டேன்) இஸ்லாமியப் பெண்களைக் காட்டிய விதத்துக்காக அப்போதே திட்டு வாங்கியது, நியாயமான திட்டுதான். முதல் காட்சியில் அவளுக்காக நம்மைத் தவிக்கவிட்டதையே அது கெடுத்துவிடுகிறது. இத்தனைக்கும் அந்த எபிசோடை பிரிட்டனில் அன்றிரவே ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள், மேடனுக்கு 2019-இல் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. அவர் நடிப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சப்டைட்டில் போட்டே பாருங்கள், ஸ்காட்லாந்து உச்சரிப்பு முதலில் பிடிபடாது. முக்கியமான பேச்செல்லாம் கிசுகிசுப்பு, அதைக் கேட்க வால்யூமைக் கூட்டினால் அடுத்த நொடியே வெடிச்சத்தம், எனவே ராத்திரி ஹெட்போன் உத்தமம். படுக்கையறைக் காட்சிகள் உண்டு, ரத்தமும் உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.