இரண்டு வயதை நெருங்கும் பிள்ளையோடு பறக்கப் போகிறீர்களா? ஏஜென்ட் சொல்வதை நம்பி உட்காராதீர்கள்

போன டிசம்பர் 14. ஹீத்ரோ விமான நிலையம், மாலை ஐந்தரை மணி. என் கணவர், நாலு வயது மகன், தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகள், நான். கவுண்டரில் இருந்த பெண் மகளின் கடப்பிதழை வாங்கித் திரையைப் பார்த்தார், கடப்பிதழைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்கள் மகளுக்குப் போன வாரமே இரண்டு வயது முடிந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. தனி இருக்கை வேண்டும். ஆனால் உங்கள் டிக்கெட்டில் இவர் கைக்குழந்தை என்றுதான் இருக்கிறது."

நான் முதலில் புரிந்துகொள்ளவே இல்லை. "அதெல்லாம் ஏஜென்டிடம் சொல்லிவிட்டோமே" என்றேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். மகள் பிறந்தது டிசம்பர் 6. பதிவில் இருந்தது அதற்கு அடுத்த வருடம் ஜனவரி 6. ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

ஏஜென்டுக்கு அழைத்தோம். சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு ஒன்றரை மணி. ஐந்து முறை அடித்தும் எடுக்கவில்லை. விமானத்தில் நல்லவேளை இடம் இருந்தது. ஒருவழிப் பயணத்துக்கு 585 பவுண்டு, ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனோம். இடம் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் நால்வரும் அந்த இரவு என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இதை எழுதுவது அந்த ஆயிரம் வெள்ளிக்காக மட்டும் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு நீண்ட தூரம் பறக்கும் நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் என்னைப் போலவே, தமிழ் பேசுகிறார், தெரிந்தவர், பார்த்துக்கொள்வார் என்று பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏஜென்டின் கடை சிங்கப்பூரில் தேக்கா பக்கம். பெயர் சொல்லப் போவதில்லை. மகனின் பாலர் பள்ளித் தாய்மார்கள் இரண்டு பேர் சொல்லித்தான் போனேன். நான் ஒன்றும் பார்க்காமல் போய்விடவில்லை. பயணத்துறைக் கழகத்தின் இணையப் பட்டியலில் கடையின் பெயரைத் தேடினேன். டி.ஏ. என்று தொடங்கும் உரிம எண் இருந்தது, நடப்பில்தான் இருந்தது. உரிமம் பாருங்கள், உரிமம் பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் உரிமம் உள்ள கடையும் ஏமாற்றும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கணவரின் அக்கா லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் விசேஷம். பள்ளி விடுமுறையில் போவதாகத் திட்டம். நேரடி விமானம் விலை அதிகம் என்பதால் வளைகுடாவில் ஒருமுறை மாறிப் போகும் டிக்கெட். ஏழு மணி நேரம், இடையில் மூன்று மணி நேரம், மறுபடி ஏழு மணி நேரம்.

"தங்கச்சி, கைக்குழந்தை டிக்கெட்டுன்னா பெரியவங்க விலையில பத்துல ஒரு பங்குதான். எதுக்குத் தனி சீட்டு எடுத்துக் காசைக் கொட்டுறீங்க?" என்றார் கடைக்காரர். "திரும்பி வரும்போது இரண்டு வயசு ஆகிடும் அண்ணே" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். கிளம்பும் நாளில் இரண்டுக்குக் கீழே இருந்தால் போதும் என்று அடித்துச் சொன்னார். அது பொய். பெரும்பாலான நிறுவனங்களில் ஒவ்வொரு விமானத்திலும் ஏறும் நாளன்று குழந்தைக்கு என்ன வயது என்பதுதான் கணக்கு. போகும்போது மடியில் போன பிள்ளை, நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும்போது இருக்கை வாங்கித்தான் ஆக வேண்டும். உண்மையான தேதியைப் போட்டிருந்தால் பதிவு அங்கேயே மாட்டியிருக்கும் என்று பிறகு விமான நிறுவனத்தில் சொன்னார்கள். நான் அவருக்கு அனுப்பியது கடப்பிதழின் தெளிவான படம். மாதத்தையும் வருடத்தையும் சேர்த்து எப்படித் தப்பாகத் தட்டுவார்? "டைப்பிங் மிஸ்டேக்" என்று பின்னால் சொன்னார். நான் நம்பவில்லை.

அடுத்தது தொட்டில். முன் தடுப்புச் சுவரில் மாட்டும் பாசினெட் தொட்டில் உறுதி செய்து தருகிறேன், ஒரு விமானத்துக்கு 75 வெள்ளி என்றார். நாலு விமானத்துக்கு 300 வெள்ளி. பேநவ்வில் பணம் அனுப்பிய அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதில் பி.எஸ்.சி.டி. என்று நாலு எழுத்து, கீழே அவர் எழுதிய "கன்ஃபர்ம்ட் தங்கச்சி". எனக்கு அந்த எழுத்துகளின் அர்த்தம் தெரியாது. பாசினெட் என்பதற்கான குறியீடு அது என்பது வரைக்கும் சரி. ஆனால் அதற்குப் பக்கத்தில் வரும் இரண்டு எழுத்துதான் முக்கியம். எச்.கே. என்றால் உறுதியாகிவிட்டது. யூ.சி. என்றால் நிறுவனம் மறுத்துவிட்டது. அவர் அனுப்பிய படத்தில் அந்த இடத்தை வெட்டியிருந்தார்.

சாங்கி விமான நிலையத்தில் கவுண்டருக்குப் போனதும் வண்டவாளம் வெளியே வந்தது. தொட்டில் கிடையாது. கேட்ட மறுநாளே நிறுவனம் மறுத்திருக்கிறது. காரணம் கேட்டேன். அந்த நிறுவனத்தின் தொட்டில் 11 கிலோ வரைதான் தாங்கும். என் மகள் அன்றைக்கு 11.6 கிலோ. நீளத்துக்கும் வரம்பு உண்டு. இரண்டு வயதை நெருங்கும் பிள்ளை அதில் காலை நீட்டவே முடியாது. தொட்டில் ஆறு மாதம், எட்டு மாதக் குழந்தைக்கானது. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், இதைவிடக் கூடுதலாகத் தாங்குவதும் இருக்கிறது. ஆனால் அவர் எங்களிடம் எடையைக் கேட்கவே இல்லை. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது: அந்த நிறுவனம் தொட்டிலுக்குக் காசே வாங்குவதில்லை. 300 வெள்ளியும் அவருடைய பைக்குத்தான் போயிருக்கிறது.

இருக்கைகளும் சிதறிக் கிடந்தன. கணவரும் மகனும் 31ஆம் வரிசை. நானும் மகளும் 38. மகன் அம்மாவிடம் போகிறேன் என்று அழ ஆரம்பித்தான். 31இல் உட்கார்ந்திருந்த ஒருவர் மனமுவந்து இடம் மாற்றிக்கொள்ள எழுந்தார். ஆனால் பணிப்பெண் விடவில்லை. இடம் தர வந்தவரின் மூன்று இருக்கைத் தொகுதியில் ஏற்கெனவே வேறொரு தாய் மடியில் குழந்தையோடு இருந்தார். ஒரு தொகுதிக்கு ஆக்ஸிஜன் முகமூடி ஒன்றுதான் கூடுதலாக இருக்குமாம். அதனால் இரண்டு கைக்குழந்தைகளை ஒரே தொகுதியில் வைக்க முடியாது. அவர் சொன்னது நியாயம். இரட்டைக் குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், தாயும் தந்தையும் ஒரே தொகுதியில் உட்கார முடியாமல் போகலாம்.

ஏழும் ஏழும் பதினாலு மணி நேரம். பதினொன்றரைக் கிலோ பிள்ளை மடியில். என் இடுப்புப் பட்டையோடு கோத்த ஒரு சின்னப் பட்டை அவளுக்கு. சாப்பாட்டுத் தட்டை இறக்க முடியாது. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் ஏழு வரிசை தாண்டிப் போய்க் கணவரிடம் அவளைக் கொடுக்க வேண்டும், அங்கே மகன் என் சட்டையைப் பிடித்துக்கொள்வான். இரண்டாவது விமானத்தில் பாதி வழியில் என் இடது கை மரத்துப்போனது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு மலாய் மாமி, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர், ஒரு மணி நேரம் அவளைத் தன் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

நேரடியாகப் பிள்ளையின் உடம்புக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரம் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டபோது, "சளி மருந்து கொஞ்சம் குடுங்க, தூங்கிடும், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார் கடைக்காரர். என் மாமியாரும் ஆமோதித்தார். பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் கேட்டேன். தூக்கம் வரவைக்கும் அந்த மருந்துகளில் ஒன்றான புரோமெத்தசினை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் அபாயம் உண்டு என்றார். விமானம் இறங்கும்போது காது அடைத்து அழுதால் உறிஞ்ச ஏதாவது கொடுங்கள், பால், ஸ்ட்ரா போட்ட தண்ணீர், அது போதும் என்றார். அதுவே போதுமாகத்தான் இருந்தது. டிக்கெட் விற்பவரிடம் மருந்து யோசனை கேட்டது என் பதற்றம். யாரும் கேட்காதீர்கள்.

பாலையும் கையில் கொண்டுபோகக் கூடாது, 100 மில்லிக்கு மேல் பிடுங்கிவிடுவார்கள் என்று கடைக்காரர் சொன்னதால், மகளின் பால்மாவு டின்னைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். அதுவும் தவறு. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் அந்த 100 மில்லி விதி பொருந்தாது, பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப் போகலாம், சோதனையில் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் சோதனை ஏறும் வாயிலில் நடக்கும் என்பதால், பெரியவர்களின் தண்ணீர்ப் புட்டியை அதற்கு முன் காலி செய்துவிடுங்கள்.

பிரிட்டனுக்குள் நுழைய இப்போது சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கும் ஈ.டி.ஏ. என்ற மின் அனுமதி தேவை. கைக்குழந்தைக்கும் தேவை. அவர் தலைக்கு 95 வெள்ளி வாங்கினார், நாலு பேருக்கு 380. நாங்கள் போன சமயம் அரசாங்கக் கட்டணம் தலைக்கு 16 பவுண்டு. நாலு பேருக்கும் சேர்த்துச் சுமார் 110 வெள்ளி. கைப்பேசியில் கடப்பிதழைப் படம் பிடித்து நாமே பத்து நிமிடத்தில் விண்ணப்பிக்கக்கூடிய வேலை.

திரும்பி வந்த மூன்றாம் நாள் கடைக்குப் போனோம். "அக்கா வீட்டு விசேஷம் நல்லா நடந்துச்சா?" என்று சிரித்தபடி நாற்காலி எடுத்துப் போட்டார். வெட்டிய படத்தையும் ஹீத்ரோ ரசீதையும் மேசையில் வைத்ததும் சிரிப்பு போனது. முதலில் விமான நிறுவனத்தின் தவறு என்றார். அப்புறம் கடையில் வேலை பார்த்த பிள்ளையின் தவறு என்றார். கடைசியில், "நாலு வருஷமா நம்ம ஆளுங்களுக்காகக் கடை நடத்துறேன், இப்படிக் கேஸ் போடுவேன்னு சொல்லலாமா?" என்றார். என் கணவர், "நம்ம ஆளுங்கன்னு நினைச்சுத்தானே வந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் பதிந்தோம். அதற்குப் பிறகு தொட்டில் பணம் 300 வெள்ளியும், ஈ.டி.ஏ. கட்டணத்தில் கூடுதலாக வாங்கிய பணமும் வந்தன. இருக்கைப் பணத்தைத் தர மறுத்தார். அதில் ஒரு பங்கு எங்களுடையதுதான், ஏனென்றால் திரும்பும் வழிக்குப் பிள்ளைக்கு எப்படியும் இருக்கை வாங்கியே ஆக வேண்டும். முன்கூட்டியே பிள்ளைக் கட்டணத்தில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் கேட்டோம். ஸ்மால் கிளெய்ம்ஸ் என்று நாம் சொல்லும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் இணையத்திலேயே பதிந்தேன். இந்தத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, நாமே பேச வேண்டும், எதிர்த்தரப்பும் அப்படியே. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். பயந்துகொண்டுதான் போனேன். வாட்ஸ்அப் உரையாடல், பேநவ் பதிவு, விமான நிறுவனம் எழுதிக் கொடுத்த மின்னஞ்சல், மூன்றையும் தேதி வாரியாக அச்செடுத்து வைத்திருந்தேன். விசாரணை வரைக்கும் போகவில்லை. முதல் சந்திப்பிலேயே 400 வெள்ளி தருவதாக ஒப்புக்கொண்டார். வாங்கிக்கொண்டோம்.

ஆகவே ஏஜென்டிடம் பணம் கட்டிய அன்றே பி.என்.ஆர். என்கிற ஆறெழுத்து முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எண்ணை வைத்து நீங்களே விமான நிறுவனத்துக்கு அழைத்து, குழந்தையின் பிறந்த தேதி என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். தொட்டில் உறுதியா, வெறும் கோரிக்கையா, எத்தனை கிலோ வரை தாங்கும் என்று கேளுங்கள். தொட்டில் கிடைத்தாலும், இருக்கைப் பட்டை விளக்கு எரியும்போதெல்லாம் பிள்ளையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். குடும்பம் முழுவதும் ஒரே பதிவில் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். எங்கள் இருக்கைகள் சிதறியதற்குக் காரணம், அவர் எங்களை இரண்டு பதிவாகப் பிரித்துப் போட்டிருந்ததுதான்.

போன வாரம் எங்கள் புளோக்கில் ஆறாம் மாடியில் இருக்கும் ஒரு தங்கை, ஏழு மாதக் குழந்தையோடு மார்ச் விடுமுறையில் மெல்பர்ன் போவதாகச் சொன்னாள். வேறு ஏஜென்ட். தொட்டில் உறுதியாகிவிட்டது அக்கா என்றாள். புளோக் கீழே கல் மேசையில் உட்கார்ந்து அங்கிருந்தே விமான நிறுவனத்துக்கு அழைத்தோம். பதிவில் தொட்டில் கோரிக்கையே இல்லை. பிள்ளையின் எடை 7.2 கிலோ என்று சொன்னதும், மறுமுனையில் இருந்தவர் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, முன்வரிசையில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது, போட்டுவிட்டேன் என்றார். காசு எதுவும் கேட்கவில்லை.