மாடி வேலை "50 சதவீதம் நிறைவு" என்ற செயலியை நம்பி 4,37,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

நேற்றுக் காலை திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றேன். "கான்கிரீட் தளம் போடப்பட்டது, பணி 50 சதவீதம் நிறைவு" என்று செயலி காட்டிய இடத்தில், தலைக்கு மேல் வெறும் வானம்தான் இருந்தது. அந்த 50 சதவீதத்துக்கு நான் கொடுத்தது 4,37,000 ரூபாய். வீடு கட்டுபவர்களையும் ஒப்பந்ததாரர்களையும் சேர்த்துவைக்கும் கைபேசிச் செயலி ஒன்றை நம்பியதன் பலன் இது.

மூட்டுவலியால் படியேற முடியாத என் அம்மா கீழ்வீட்டில் தனியாக இருக்கிறார். சென்னையிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு போனால் தங்குவதற்காக, மாடியில் ஓர் அறையும் குளியலறையும் கட்ட, சதுர அடிக்கு 2,300 ரூபாய் வீதம் 380 சதுர அடிக்கு 8,74,000 ரூபாய் என்று பேசி முடித்தோம்.

செயலி அனுப்பிய பொறியாளரை நான் நம்பிய கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்னாளில் மாடி எடுக்கலாம் என்று, மறைந்த என் அப்பா அந்தக் காலத்திலேயே தூண் கம்பிகளை மொட்டை மாடிக்கு மேல் நீட்டி விட்டிருந்தார். வந்தவர் நேராக அந்தக் கம்பிகளிடம் போய், துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இதை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகுதான் புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட வேண்டும்" என்றார். பிறகு கீழே வந்து, "ஐயா எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார், அம்மா!" என்று சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். அன்று மாலையே முன்பணம் 87,400 ரூபாய் அனுப்பினேன்.

அதன்பின் எல்லாம் படங்கள்தான். சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னல்களுக்கு மேலே வரும் விட்டத்தின் உயரத்துக்கு, வந்துவிட்டதாக ஒரு படம், அதற்கு 1,74,800 ரூபாய். கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் கொடுத்து, அதாவது சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டித் தளம் போட்டதாக இன்னொரு படம், அதற்கும் 1,74,800 ரூபாய். அம்மாவைக் கேட்டால், "மேலே ஏதோ சத்தம் கேட்டுதும்மா, ஏறிப் பார்க்க முடியலையே" என்பார். தளம் போட்டால் குறைந்தது 7 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அதற்காக யாரும் மோட்டார் போடவில்லை என்று அம்மா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் ஒரு கைபேசிக் கோபுரம். எங்கள் தெருவில் கோபுரமே கிடையாது.

அன்றிரவே பேருந்து ஏறினேன். சுவர் இடுப்பளவுக்கு மேல் எழும்பவில்லை. தூண் கம்பிகளில் துரு அப்படியே இருக்கிறது. மழைநீர் இறங்காமல் மாடித் தரையில் பதித்திருந்த பழைய தட்டோட்டைப் பெயர்த்துப் போட்டிருப்பதால், மழைத் தண்ணீர் அம்மாவின் படுக்கையறைக் கூரையில் ஊறி, மின்விசிறிக் கொக்கி வழியாகச் சொட்டுகிறது. நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல், அம்மா அதன் கீழே ஒரு வாளியை வைத்திருந்தார்.

ஒப்பந்ததாரரை அழைத்தால் முதலில் "ஆட்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள்" என்றார், பிறகு "எம் சாண்ட் லோடு வரவில்லை" என்றார், இப்போது எடுப்பதே இல்லை. செயலியின் வாடிக்கையாளர் சேவையில் பேசிய மூன்று பேரும் 24 மணி நேரத்தில் அழைப்பதாகச் சொன்னார்கள், ஒருவரும் அழைக்கவில்லை. நான்காவதாகப் பேசியவர், "நாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே, படங்களை ஏற்றுவது ஒப்பந்ததாரர், அந்தப் பொறியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார்" என்றார். பணத்தைச் செயலியின் கணக்கில் வாங்கியவர்கள் பேசும் பேச்சா இது? 4,37,000 ரூபாய், என் ஐந்தாண்டுச் சேமிப்பு.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நம்பிக்கையான ஒருவரை மாடிக்கு அனுப்பிப் பார்த்த பிறகே கொடுங்கள். தவணையைச் சதவீதத்தில் எழுதவிடாமல், லிண்டல், தளம், பூச்சு என்று வேலையின் பெயரிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை.

நான் நாளை புகார் கொடுக்கப் போகிறேன். இப்போது மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது. கடை மூடுவதற்குள் தார்ப்பாய் வாங்கி மாடியில் விரிக்க வேண்டும்.