பூனையின் கழிவுப் பெட்டிக்குத் தும்புத்தூள்: ஒன்பது மாதம் பயன்படுத்திய பிறகு

போன வருஷம் ஆடி மாதம் ஈத்தாமொழியிலிருந்து நாகர்கோவிலுக்கு, வடசேரிப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தோம். தையல் மெஷின் இரண்டு, துணி அலமாரி, அப்புறம் சாளையும் செம்பனும். சாளை சாம்பல் வரிப் பெட்டைப் பூனை. வயிறு மட்டும் சாளை மீன்போல் வெள்ளியாக மின்னும், அதனால் அந்தப் பெயர். செம்பன் காவி நிறக் கடுவன், ஐந்து கிலோ இருக்கிறான். இரண்டு பேருக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது. இரண்டு பேருமே தென்னந்தோப்பில் வளர்ந்தவர்கள். காலையில் பின்வாசலைத் திறந்துவிட்டால் போதும், ஏதாவது ஒரு தென்னை மூட்டில் பொடிமண்ணைத் தோண்டி, வேலையை முடித்து, மூடிவிட்டு வருவார்கள். அதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மாடி வீட்டில் முதல் ராத்திரியே யோசிக்க வேண்டி வந்தது.

செல்லப்பிராணிக் கடை ஒன்றில் கேட்டேன். மூடி போட்ட பெட்டி ஒன்றும் லாவண்டர் வாசனை சேர்த்த வெள்ளைக் கற்கள் ஒரு பாக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். இதைப் போட்டால் நாற்றமே வராது என்றார்கள். சாளை முன்னங்காலை உள்ளே வைத்தாள், எடுத்தாள், தண்ணீரில் மிதித்ததுபோல் உதறினாள், போய்விட்டாள். செம்பன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினான். மறுநாள் காலை முகூர்த்த பிளவுஸுக்கு வெட்டி வைத்திருந்த லைனிங் துணிக் குவியல் நனைந்து கிடந்தது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டிலேயே காலுக்கு மெத்தென்று இருந்தது அந்தக் குவியல் ஒன்றுதான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “பூச்சைக்கு வெளிக்குப் போக மண்ணும் காசு குடுத்தா வாங்கணும் மக்களே? ஒரு சாக்கு மண்ணு அள்ளிக் கொண்டு போ” என்றாள். ஒரு சாக்கு மண்ணை மாடிப்படி ஏற்றுவது லேசான வேலையில்லை. கடற்கரை மணல் என்றால் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மோனசைட் என்ற தாதுவும் அதோடு கதிர்வீச்சுள்ள தோரியமும் இருப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை வீட்டுக்குள் தட்டில் பரப்ப மனம் ஒப்பவில்லை.

அப்போதுதான் தும்பு ஆலை ஞாபகம் வந்தது. ஈத்தாமொழி, ராஜாக்கமங்கலம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, அடித்துத் தும்பு (நார்) எடுக்கும் ஆலைகளுக்குப் பக்கத்தில் தவிட்டு நிறத்தில் தூள் மலையாகக் குவிந்து கிடக்கும். மரத்தைக் கெட்டியாக்குகிற லிக்னின் என்ற பொருள் அதிகம் இருப்பதால் சீக்கிரம் மட்காது, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்தக் குவியலில் ஆலைப் பூனைகள் தோண்டிக்கொண்டிருப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் மணல் இருந்தாலும் அவை தூளைத்தான் தேடிப் போகும்.

இனி பொருளைப் பற்றிச் சொல்கிறேன். தும்புத்தூள், நார்த்தூள், கோகோ பீட் எல்லாம் ஒன்றுதான். இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஆலையிலேயே சாக்கில் அள்ளித் தருவார்கள், அது மலிவு. நர்சரிகளில் அழுத்திய கட்டியாகக் கிடைக்கும். 650 கிராமில் செங்கல் அளவுக் கட்டி ஒன்று, 5 கிலோவில் பெரிய சதுரக் கட்டி ஒன்று. நான் முதலில் வாங்கியது ஆலைச் சாக்கு. “பூச்சைக்கா தங்கச்சி?” என்று ஆலை அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டுவிட்டு, காசு வாங்காமலே கொடுத்தார். ஆனால் அதில் விரல் நீளத்துக்குத் தும்புத் துண்டுகள் நிறைய இருந்தன. சாளையின் பின்னங்கால் நகத்தில் ஒன்று சுற்றிக்கொண்டு, அவள் மூன்று காலில் ஓடி வந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். சாக்கில் எறும்பும் இருந்தது. சாக்குத் தூள் எடுப்பவர்கள் கட்டாயம் சலிக்க வேண்டும். இப்போது நான் வாங்குவது 5 கிலோ கட்டிதான். எனக்கு 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கட்டியை அப்படியே தட்டில் உடைத்துப் போடக் கூடாது. காய்ந்த தூசி பறக்கும், பூனை தும்மும், நமக்கும் மூக்கு எரியும். செடிக்குச் செய்வதுபோல் முழுக்க ஊறவைத்தாலும் ஆகாது. தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கிற சாமான் இது. ஊறிய சகதியாகத் தட்டில் கிடந்தால் எந்தப் பூனையும் கால் வைக்காது. நான் பெரிய டப்பில் கட்டியை வைத்துப் பத்து லிட்டர் தண்ணீரை மூன்று தவணையாக ஊற்றுவேன். மேலடுக்கு பொருமிப் பொருமித் தானாக உதிரும். உதிர்ந்ததைக் கையால் வழித்துத் தார்ப்பாயில் போட்டு மொட்டைமாடியில் இரண்டு வெயில் காயவைத்து, மாவு சலிக்கிறதைவிடப் பெரிய கண் உள்ள சல்லடையில் சலித்தால் வேலை முடிந்தது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டதும் உடைய வேண்டும். அந்தப் பதத்தில்தான் தூசி பறக்காது, ஈரமும் தெரியாது. புட்டுக்கு மாவு நனைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை தட்டில் கொட்டியதும் செம்பன் ஓடி வந்தான். முகர்ந்தான். வலது காலால் இரண்டு தடவை வறட்டினான். தூள் விலகிக் குழி விழுந்ததும் அவன் காதுகள் முன்னால் மடிந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! உட்கார்ந்தான், எழுந்தான், திரும்பி நின்று நிதானமாக மூடினான், முகர்ந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டான். இத்தனைக்கும் அவனை ஒருவரும் பழக்கவில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. பொடியான மண்ணைத் தோண்டி மறைக்கிற பழக்கம் அங்கிருந்து கூடவே வந்தது. வாசனைக் கல் நம் மூக்குக்காகச் செய்த பொருள். பூனைக்குக் கால்தான் முக்கியம், வாசனை கூடினால் விலகிப் போகும்.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தூளைப் போலவே அதுவும் முக்கியம். கடைப் பெட்டியில் செம்பன் திரும்பினால் பின்பக்கம் மூடியில் இடிக்கும். பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது வேண்டும் என்பார்கள். நான் துணி போட்டு வைக்கிற 60 சென்டிமீட்டர் நீளப் பிளாஸ்டிக் பெட்டி இரண்டை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் சூடு காட்டிய கத்தியால் தாழ்வாக வெட்டி, ஓரத்துக்குத் தடித்த துணியில் பைப்பிங் தைத்து ஒட்டினேன். மூடி கிடையாது. மூன்று அங்குல உயரத்துக்குத் தூள். சாப்பாட்டுத் தட்டு சமையலறையில், இவை பின் பால்கனியில். இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி வைப்பது உத்தமம். எங்கள் பால்கனியில் இரண்டுதான் கொள்ளும், அதனால் காலையும் மாலையும் தவறாமல் அள்ளிவிடுகிறேன்.

நாற்றம் எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மலம் மூடியிருந்தால் கிட்டத்தட்ட இல்லை. மூத்திரம் வேறு விஷயம். பூனையின் சிறுநீரகம் தண்ணீரை மிச்சம் பிடித்து மூத்திரத்தைக் கெட்டியாக்கி அனுப்பும், அதனால்தான் அந்தக் காரம். விலைக்கு வாங்குகிற பெண்டோனைட் களிமண் தூள் நனைந்தால் உருண்டை கட்டும், கரண்டியால் அப்படியே எடுத்துவிடலாம். தும்புத்தூள் உருண்டை கட்டாது. நனைந்த இடம் காப்பிப்பொடி நிறத்துக்குக் கறுக்கும், அந்தத் திட்டைச் சுற்றிச் சட்டுவத்தால் வழித்து எடுக்க வேண்டும். கொஞ்சம் விட்டுப்போகும். பத்து நாளில் மொத்தத்தையும் மாற்றாவிட்டால் அமோனியா வாடை பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் களிமண்தான் மேல், அதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியை வெந்நீரும் சாதாரண சோப்பும் போட்டுக் கழுவுங்கள். பினாயில் வேண்டவே வேண்டாம். பினால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. காலில் ஒட்டினதை நக்கியே உள்ளே கொண்டுபோய்விடும்.

அடுத்த குறை, தூள் காலோடு வரும். என் தொழிலுக்கு இது பெரிய தொல்லை. கிறிஸ்துமஸ் நேரம், வெள்ளை கவுன் நாலைந்து தைக்கக் கிடந்தன. சாளை பால்கனியிலிருந்து நேராக வந்து வெட்டு மேசையில் ஏறினாள், வெள்ளை சாட்டின்மேல் தவிட்டு நிறத்தில் பூப்பூவாகக் கால்தடம். காய்ந்த தூள் என்பதால் பிரஷால் தட்டியதும் போய்விட்டது. ஈரமாக இருந்தால் கறை பிடித்திருக்கும். பிறகு பெட்டிக்கு முன்னால் தடித்த கயிற்று மிதியடி இரண்டை நீளவாக்கில் போட்டேன். நாலு எட்டு நடக்கும்போது பாதிக்கு மேல் அதில் உதிர்ந்துவிடுகிறது. நீள முடிப் பூனை, அதுவும் வெள்ளைப் பெர்சியன் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பின்தொடை முடியெல்லாம் தூள் சிக்கி, தினம் சீவ வேண்டி வரும்.

மழைக்காலம் அடுத்த சோதனை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசியில் ஒரு வாரம் வெயிலே இல்லை. நனைத்த கட்டி தார்ப்பாயிலேயே கிடந்து வெள்ளைப் பூஞ்சை பூத்தது, மொத்தத்தையும் கொட்டினேன். இனிமேல் புரட்டாசி வெயிலிலேயே நாலு கட்டி காயவைத்து, மூடி போட்ட டிரம்மில் வைத்துவிடுவேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் தை மாதம் நடந்தது. ஒரு நாள் காலையில் அள்ளப் போனால் ஒரு பெட்டியில் கறுத்த திட்டே இல்லை. தூளை வறட்டி வறட்டி நாலைந்து குழி மட்டும் இருந்தது. மத்தியானம் செம்பன் மறுபடி போய் உட்கார்ந்தான், முதுகு வளைந்து நின்றது, ஒரு சொட்டு வரவில்லை, ஈனமாகக் கத்தினான். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் பொறுப்பவர்கள் உண்டு. நான் கூடையில் போட்டுக்கொண்டு நேரே ஓடினேன். மூத்திரப்பாதையில் படிகம் அடைத்திருக்கிறது, கடுவனுக்குப் பாதை குறுகல், இன்னும் ஒரு நாள் போனால் உயிர் தங்காது என்றார் டாக்டர். குழாய் வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். அவன் தலையை என் முழங்கையில் முட்டிக்கொண்டு தூங்கிய அந்த ராத்திரி நான் தூங்கவேயில்லை. இப்போது உலர் தீனியைக் குறைத்து, ஈரத் தீனியில் தண்ணீர் கூட்டிப் பிசைந்து கொடுக்கிறேன்.

தூளைப் பொறுத்தவரை இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தினமும் திட்டுகளை எண்ணி அள்ளிய பழக்கத்தால்தான் அன்றே தெரிந்தது. ஆனால் மூத்திரத்தில் ரத்தம் கலந்திருந்தால் இந்த நிறத்தில் தெரியவே தெரியாது. டாக்டர் சொன்னபடி இப்போது வாரம் ஒருநாள் ஒரு பெட்டியின் மூலையில் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைத் தூளுக்கு மேலாக விரித்துவைத்துப் பார்க்கிறேன். கடுவன் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

அள்ளியதை எங்கே போடுவது? மலத்தைத் தாளில் பொதிந்து குப்பையில் போடுகிறேன். மூத்திரம் பிடித்த தூள் சாக்கில் சேர்ந்து, மாதம் ஒருமுறை அம்மா வீட்டுத் தென்னை மூட்டுக்குப் போகிறது. கீரைப் பாத்தி, கத்தரிக்குப் போடக் கூடாது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் இருக்க வாய்ப்புண்டு. அது வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், ஆகவே தினம் அள்ளினால் பயம் குறைவு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளும் வேலையை வேறொருவர் செய்யட்டும். இதைச் சொல்லிப் பூனையை வெளியே விரட்ட வேண்டாம்.

செலவு, எனக்கு ஒரு கட்டி பதினைந்து பதினாறு நாள் வருகிறது. மாதம் 300 ரூபாய். களிமண் தூள் வாங்கிய ஒரே மாதத்தில் 800 ரூபாய் ஆனது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நனைக்க, காயவைக்க, சலிக்க மாதம் இரண்டு முறை பாதி நாள் போகும். மொட்டைமாடி இல்லாத வீட்டுக்கு இது ஒத்துவராது. தோப்பிலோ தெருவிலோ வளர்ந்து வீட்டுக்குள் வந்த நாட்டுப் பூனைக்கு இதைவிடச் சீக்கிரம் பழகுகிற பொருள் நான் பார்க்கவில்லை. முதல் தடவை வாங்குபவர்கள் 650 கிராம் கட்டி ஒன்று மட்டும் வாங்கி, காயவைத்து, ஒரு பெட்டியில் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே பழைய தூளையும் ஒரு வாரம் வைத்திருங்கள். எதில் குழி விழுகிறது என்று பூனையே காட்டிவிடும்.

இதை எழுதும்போது மாடியில் அடுத்த கட்டி காய்ந்துகொண்டிருக்கிறது. சாளை தார்ப்பாயின் ஓரத்தில் வெயிலில் நீட்டிப் படுத்திருக்கிறாள். சலிக்கப் போகும்போது அவளை முதலில் தூக்கி வைக்க வேண்டும்.