தேய்ந்த கார் சாவி, திரும்பாத இக்னிஷன்: எதை மாற்றுவது?

எங்கள் கார் பதினைந்து வயதைத் தாண்டியது. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக்கும் நார் மில்லுக்கும் ஓடுகிற வண்டி. சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. சாவியை ஒரு நூல் அளவுக்கு வெளியே இழுத்து, லேசாக ஆட்டினால்தான் வழிவிடும். இப்படி ஆன வண்டிக்கு நம் ஊரில் நாலு வழி சொல்வார்கள்: எண்ணெய் விடு, டூப்ளிகேட் சாவி போடு, லாக்கைப் பிரித்துச் சரி பண்ணு, இல்லாவிட்டால் இக்னிஷன், கதவு, டிக்கி எல்லாம் சேர்ந்த லாக் செட்டையே மாற்று. நான் சாவி நம்பரை வைத்துப் புதுச் சாவி வெட்டி, பழைய லாக்கையே பிரித்துச் சரி செய்துகொண்டேன். கையில் காசு இருந்தாலும் இதைத்தான் செய்வேன்.

சக்கரம் திரும்பிய நிலையில் நிறுத்தி ஸ்டியரிங் லாக் விழுந்திருந்தாலும் சாவி திரும்பாது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் அசைத்துக்கொண்டே திருப்பினால் விட்டுவிடும். அது கோளாறு அல்ல. சாவி நன்றாகத் திரும்பியும் விளக்கே எரியவில்லை என்றால் லாக்குக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். இந்த அலசல் அவற்றைப் பற்றியதல்ல.

தேய்ந்தது சாவியா, லாக்கா என்று முதலில் தெரிய வேண்டும். பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு திரும்பினால் தேய்ந்தது சாவி. அதுவும் சிக்கினால் லாக்கிலும் பழுது உண்டு. இரண்டாவது சாவி இல்லாதவர்கள், அதிகம் புழங்காத டிக்கி லாக்கில் தினச் சாவியைப் போட்டுப் பார்க்கலாம். அங்கேயும் சிக்கினால் சந்தேகம் சாவி மேல்தான்.

எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கம் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். மார்கழிக் காலையில் லாக்குக்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வேறு எண்ணெய் விட்டாலும் நார்த் தூசியோ பஞ்சுத் தூசியோ அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். கிராஃபைட் பவுடர் நல்லது, ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சாவியில் லேசாகத் தடவினால் போதும். எதை விட்டாலும் தேய்ந்த உலோகம் திரும்ப வளராது.

டூப்ளிகேட் சாவி என்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்த் தினச் சாவியை நீட்டுவதுதான் பலருக்கும் வழக்கம். மெஷின் அந்தச் சாவியின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் அதே மாதிரி வெட்டும். தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டும். பிறகு இரண்டு சாவியும் ஒரே மாதிரி சிக்கும்.

நம்பர் சாவி அப்படியல்ல. பல வண்டிகளில், புதிதாக வாங்கும்போது சாவி வளையத்தில் ஒரு சின்னத் தகடு தொங்கும். அதில் இருக்கும் நம்பர்தான் அந்தச் சாவியின் பள்ளங்களுக்கு உரிய கணக்கு. சிலவற்றில் லாக்கின் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். அதை வைத்து வெட்டினால் கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த அளவு கிடைக்கும். வெட்டித் தந்த கடைக்காரர் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, "பாருங்கண்ணா, உங்க சாவிக்கு மூலையே இல்லீங்க" என்றார். பழையதில் மேடுகள் எல்லாம் மழுங்கி, புதுச் சாவியின் விளிம்பு அதற்கு மேலே கோடு போல நின்றது. நம்பர் தொலைந்துபோனவர்கள், புழங்காத இரண்டாவது சாவியைப் பார்த்து வெட்டச் சொல்லலாம்.

புதுச் சாவி போட்டும் எங்களுக்கு முழுதாகத் தீரவில்லை. பாதிச் சிக்கல் போயிற்று, மீதி லாக்குக்குள் இருந்தது. இங்கேதான் பெரிய முடிவு: பிரிப்பதா, செட்டை மாற்றுவதா?

லாக்கின் உருளைக்குள் ஸ்பிரிங் வைத்த பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சரியான சாவி போனால் எல்லாத் தகடும் உருளையின் மட்டத்துக்கு அடங்கும். ஒன்று துருத்திக்கொண்டு நின்றாலும் உருளை திரும்பாது. கடைக்காரர் எங்கள் லாக்கைப் பிரித்து வெள்ளைத் துணியில் வரிசை மாறாமல் பரப்பினார். ஒவ்வொரு தகட்டிலும் அதன் அளவைச் சொல்லும் எண் பொடியாக அடித்திருந்தது. இடுக்கெல்லாம் கருப்பு மசி, அதற்குள் தேங்காய் நார். தேய்ந்த தகடுகளை எடுத்துவிட்டு அதே எண் உள்ளவற்றைப் போட்டார். அதனால் கதவு, டிக்கி, இக்னிஷன் எல்லாவற்றுக்கும் அதே ஒரு சாவி.

பிரிக்கக் கொடுக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். சிலர் மக்கர் பண்ணுகிற தகட்டை எடுத்து எறிந்துவிட்டு மூடிவிடுவார்கள். சாவி சுகமாகத் திரும்பும். வேறு வண்டிச் சாவிக்கும் திரும்ப வாய்ப்பு கூடும்.

இக்னிஷன் லாக்கை மட்டும் புதிதாகப் போட்டால் அதற்கு ஒரு சாவி, கதவுக்கு ஒரு சாவி. செட்டாக மாற்றினால் ஒரே சாவி வரும், ஆனால் செலவு ஆயிரக்கணக்கில் ஏறும், கதவுகளைப் பிரிக்க வேண்டும். பல வண்டிகளில் இக்னிஷன் லாக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை, முடுக்கும்போதே உடைந்துபோகும்படி செய்தது. கழற்ற வேண்டுமானால் துளைத்தோ உளியால் தட்டியோதான் எடுக்க வேண்டும். இம்மொபிலைசர் (சாவித் தலையிலுள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட் ஆக விடும் பூட்டு) உள்ள வண்டியென்றால் புதுச் சாவியின் சிப்பை வண்டிக்குப் பதியவும் வேண்டும். பழைய சாவித் தலையிலிருந்த சிப்பைப் புதுச் சாவிக்கு மாற்றியே நாங்கள் வேலையை முடித்தோம்.

எல்லாவற்றையும்விட என்னை முடிவெடுக்க வைத்தது இன்சூரன்ஸ். வண்டி திருட்டுப் போனால் கிளெய்ம் பார்க்க வருகிறவர்கள் கேட்பவற்றில் ஒன்று, வண்டியோடு வந்த எல்லாச் சாவிகளும். ஒன்று குறைந்தாலோ, லாக் மாறியிருந்து அதற்குத் தாள் இல்லாமல் போனாலோ பதில் சொல்லி மாளாது. விற்கும்போதும் இதே கதைதான். ரெண்டு சாவி இருக்குதுங்களா என்று புரோக்கர் கேட்பார். கதவுக்கு ஒன்று, ஸ்டார்ட் பண்ண ஒன்று என்றால் வண்டியில் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விலையைக் குறைப்பார். லாக்கைப் பிரித்துச் சரி செய்தால் வண்டியோடு வந்த சாவிகள் செல்லுபடியாகவே இருக்கும். தேய்ந்த சாவியையும் பில்லையும் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.

வெளியே மாட்டித் தரும் புஷ் பட்டன் ஸ்டார்ட்டை நான் பயன்படுத்தியதில்லை, சொந்தக்காரர் வண்டியில் பார்த்ததோடு சரி. ஒயரிங்கை வெட்டி ஒட்டுகிற வேலை என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

செட்டையே மாற்ற வேண்டிய இடமும் உண்டு. வண்டி ஓடும்போதே சாவி கையோடு வந்துவிடுகிறது, திருடன் ஸ்க்ரூ டிரைவர் போட்டு உருளையைக் கிழித்திருக்கிறான், அல்லது ஸ்டார்ட் ஆன பிறகும் சாவி தானாகத் திரும்பி வராமல் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிரித்துப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் செலவைப் பார்க்காதீர்கள். மற்றவர்கள் முதலில் சாவி நம்பரைத் தேடி எடுங்கள். கார் சாவி வளையத்தில் கோர்த்திருக்கும் குடோன் சாவியையும் வீட்டுச் சாவியையும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், அந்தக் கனம் தொங்கித் தொங்கியும் லாக்கின் வாய் தேயும்.