காப்பிக்கு ஓர் அறை, மழைக்கு ஓர் அறை: டெலிகிராம் 'டாபிக்ஸ்'

ஏற்காட்டில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் குழு ஒன்றை நடத்திவருகிறேன். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். தோட்டம் மேலே, வீடு கீழே சேலத்தில் என்று இருப்பவர்களும் உண்டு. நாங்கள் டெலிகிராமுக்கு வந்ததே 2022 நவம்பரில் அது கொண்டுவந்த 'டாபிக்ஸ்' வசதிக்காகத்தான். ஒரே குழுவுக்குள் தலைப்புக்கு ஓர் அறை வைத்துக்கொள்ளலாம். குழு நடத்தும் எவருக்கும் மனதார சிபாரிசு செய்வேன்.

முன்பு வேறொரு செயலியில் எல்லாம் ஒரே வரிசையாக ஓடும். அராபிகா காப்பிச் செடியின் தண்டில் வளையம் வளையமாகத் தடித்திருக்கிறதே, வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சியா என்று ஒருவர் படம் போடுவார். அதற்குள் காலை வணக்கப் படங்கள் வரிசையாக வந்து அதைத் தள்ளிவிடும். பதில் கிடைக்காதவர் மறுபடி கேட்க மாட்டார். குழு ஊமையாவது இப்படித்தான்.

இப்போது காப்பி, மிளகு, மழை, விலை, பொது என்று ஐந்தே அறைகள். தலைப்புகளை அடுக்கிக்கொண்டே போனால் பாதி அறைகள் வெறிச்சோடும். ஆளில்லாத அறையில் முதல் ஆளாகப் பேச யாருக்கும் மனம் வராது. புது அறை திறக்கும் உரிமையை நிர்வாகியிடமே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அமைப்பிலேயே வழி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மழை அறை. மார்ச், ஏப்ரலில் பூ மழைக்காக, அதாவது காப்பியைப் பூக்கவைக்கும் மழைக்காக, மலையே காத்திருக்கும். நாகலூரில் கொட்டும் மழை வெள்ளக்கடையில் தூறாமலும் போகும். 'இங்கே அரை இஞ்ச்', 'இங்கே ஒன்றுமில்லை' என்று இரண்டு வார்த்தை போட்டால் போதும். தவறாகிவிடுமோ என்ற கூச்சம் இல்லை. அங்கே பேசிப் பழகியவர்கள்தான் அப்புறம் மிளகு அறைக்கு வந்து, "அக்கா, கொடி இலை கருகிக் கொட்டுது, பாருங்க" என்று கேட்கிறார்கள். தட்டச்சு வராத பெரியவர்கள் குரல் பதிவில் பேசுகிறார்கள். நாற்பது வருடம் தோட்டத்தில் நின்றவர் கவாத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால், அதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

பறிப்பு எப்போது தொடங்குகிறீர்கள் என்று வாக்கெடுப்பு வைத்தால், எழுதவே எழுதாதவர்களும் விரலால் தட்டிவிட்டுப் போகிறார்கள். இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் படிப்பதோடு சரி, 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், மீதி ஒரு சதவீதம்தான் ஓயாமல் எழுதுவார்கள் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2006-ல் எழுதினார். படிப்பவர்களும் நம் ஆட்களே. அவர்களை விரட்டிப் பேசவைக்க வேண்டாம்.

புதிதாகச் சேர்பவருக்குப் பழைய பேச்சும் தெரியும்படி வைக்கலாம், அறைக்கு அறை முக்கியமான பதிவை மேலே பொருத்தலாம். மிளகு அறையில் ஒரு சதவீத போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தின் செய்முறை மேலே இருக்கிறது: மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் வாடல் நோய்க்காக ஆளாளுக்குக் கேட்கும் கேள்வி இது. விலை அறையில் பேச்சு சூடானால் குழு முழுவதற்கும் 'ஸ்லோ மோட்' போட்டுவிடலாம், ஒருவர் எழுதிய பிறகு ஒரு மணி நேரம் வரை காத்திருக்க வைக்கலாம்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள்: டெலிகிராமில் குழுப் பேச்சுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (பேசுபவர்களைத் தவிர நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி பூட்டுவது) கிடையாது. பட்டா நகல், வங்கிப் புத்தகம் எதையும் அங்கே போட வேண்டாம். மலையில் சிக்னல் குறைவு என்பதால் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவையுங்கள். இருபது பேர் உள்ள சொந்தக்காரர் குழுவுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையே இல்லை.

பட்டர் ஃபுரூட்டுக்கும் ஓர் அறை வேண்டும் என்று பொது அறையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காப்பிப் பறிப்பு முடிந்ததும் திறக்கப் போகிறேன்.